ஒற்றை நாற்காலி அறை

எனக்குத் தேநீரில் சீனி பிடிக்காது. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் விட்டேன், பிறகு தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கிரிதர், நீங்கள் கேட்டது இரண்டு பக்கம். என் கணவர் ஸ்ரீதரனின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், அதில் அவர் கட்டிய இசை அறையைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றீர்கள். "அக்கா, அந்த றூமைப் பற்றி உங்களைப் போல ஆருக்குத் தெரியும்? ரெண்டு பக்கம் காணும்." மற்றப் பக்கங்களுக்கு ஆள் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். முன்அட்டையில் குத்துவிளக்கு, அடுத்த பக்கத்தில் தேவாரம், அதற்குப் பிறகு இரங்கற்பா. ஹனோவரில் இரங்கற்பா எழுதித் தருகிறவர் ஒருவரே. போன மாதம் செத்தவரின் பெயரை எடுத்துவிட்டு இந்த மாதம் செத்தவரின் பெயரைப் போட்டுத் தருவார். ஓசை கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் நான்கெழுத்துப் பெயருக்கு வேறொரு பா வைத்திருக்கிறாராம்.

செத்தவீடு நடந்த மண்டபத்தின் நடைபாதையில் நீங்கள் நின்று அழுததும் நினைவில் இருக்கிறது. அதற்கும் இதில் பதில் வரும். அடிக்க முடியுமா என்று வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் கணவருக்குக் காது இருந்தது. மற்றவர்களுக்கும் இருந்தது, அவருக்கு இருந்ததுதான் காது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் அழுத்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். ஓய்வு பெற்றபோது வைத்தியர் பரிசோதித்து, மேல்சுருதிகளில் முக்கால்வாசி போய்விட்டது என்று படம் வரைந்து காட்டினார். அந்தத் தாளை அவர் நான்காக மடித்து என் தையல் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த வாரமே பாட்டுப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிற கம்பிகளை மாற்றத் தொடங்கினார். பழைய கம்பியில் மேல்சுருதி கூசுகிறதாம்.

வீட்டுக்கு வருகிறவர்களை அவர் சோதிப்பார். ஒரே பாட்டை இரண்டு கம்பியில் போட்டு எது நல்லது என்று கேட்பார். பாவம், எல்லோரும் இரண்டாவது என்பார்கள், இரண்டாவதாகப் போட்டதுதானே விலை கூடியதாக இருக்கும் என்று நினைத்து. ஒருமுறை நீங்கள் முதலாவது என்றீர்கள். "உமக்கு வயர் இழுக்கத்தான் தெரியும், கேக்கத் தெரியாது" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் மின்வேலை படித்தவர், இரண்டு கம்பியிலும் ஓடுவது ஒன்றுதான் என்று தெரிந்தவர். ஆனாலும் சிரித்தீர்கள். எங்கள் ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத சிரிப்பு அது.

பிறகு கெல்லரில் அறை கட்டத் தொடங்கினார். வீட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கும் குளிர்கால உடுப்பும் வைத்திருந்த நிலவறை அது. அறைக்குள் இன்னோர் அறை வேண்டும் என்றார். தரையை ரப்பர் துண்டுகளின் மேல் மிதக்க விட்டார். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் கல்பஞ்சு திணித்தார். மூலைகளில் ஆளுயர மூட்டைகள், தாழ்ந்த சுருதி அங்கே தேங்கக் கூடாதாம். பின்சுவரில் சின்னதும் பெரிதுமான மரக்கட்டைகள். பல் போன கிழவனின் வாய் மாதிரி இருந்தது. கம்பிகள் நிலத்தில் படக் கூடாதென்று சின்னச் சின்னப் பீங்கான் முக்காலிகள் வாங்கி, அவற்றின் மேல் கிடத்தினார். என் முழங்காலுக்குப் பட்டி வாங்கச் சொல்லி எட்டு மாதமாகியிருந்தது.

கதவைக் கொண்டுவர மூன்று பேர் தேவைப்பட்டார்கள். உள்ளே இருந்து திறப்பதானால் இரண்டு கையாலும் பிடியைத் தூக்கி, தோளால் தள்ள வேண்டும். அதற்குப் பூட்டு இருக்கவில்லை. காவல்துறையினரிடமும் இதைத்தான் சொன்னேன்: அந்தக் கதவு ஒருநாளும் பூட்டப்பட்டதில்லை.

நடுவில் ஒரு நாற்காலி. ஒன்றே ஒன்று. சரியாகக் கேட்கிற இடம் அறையில் ஒன்றுதான் இருக்கிறதாம், கையளவு தள்ளி இருந்தாலும் பாட்டுக் கெட்டுவிடுமாம். ஐம்பது வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு வானொலியைச் சுற்றி இருபது பேர் இருந்தோம், எவருக்கும் பாட்டுக் கெடவில்லை. அதைச் சொன்னேன். "அது கேக்கிறதே, கமலா? அது சத்தம்" என்றார்.

அறைக்குச் சட்டங்கள் இருந்தன. கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது, அதன் அலை ஒலிபெருக்கிக்குள் இரையுமாம். தட்டக் கூடாது. மணி பொருத்தக் கூடாது. ஆனால் தேநீர் வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் நாற்காலியின் வலது கைப்பிடியில் ஒரு பொத்தானும், சமையலறை அடுப்புக்கு மேலே பற்றரியில் எரிகிற ஒரு சிவப்பு மின்குமிழும் பூட்டித் தந்தீர்கள். சின்னதாக அமத்தினால் தேநீர். நீளமாக அமத்தினால் சீனி இறங்கிவிட்டது, இனிப்புத் தேநீரோடு ஓடிவா. அவர் இன்சுலின் போடுகிறவர் என்பதால் அந்த நீளமான அமத்தலைச் சொல்லித் தந்தவள் நான்தான். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். சீனி இறங்கினால் எத்தனை நிமிடத்தில் கை நடுங்கும், எப்போது பேச்சுக் குழறும், எப்போதிலிருந்து விழுங்க முடியாது என்று புத்தகம் பார்க்காமல் சொல்வேன்.

அறை முடிந்த அன்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என்னை உள்ளே விட்டார். "உள்ளுக்கு நிண்டு உம்மாலை ஏலுமானமட்டும் கத்தும். நான் மீட்டரோடை வெளியிலை நிக்கிறன்."

"என்னெண்டு கத்த?"

"என்னத்தையெண்டாலும் கத்தும்."

கதவு மூடியதும் காதுக்குள் பஞ்சு அடைத்தது போல இருந்தது. என் மூச்சு எனக்கே பக்கத்தில் கேட்டது. நான் யாமினியைக் கூப்பிட்டேன். எங்கள் மகள். ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோயில் போனவள். இருபத்தேழு வருடமாக அந்தப் பெயரை நான் உரத்துச் சொன்னதில்லை. மூன்று தடவை, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். சுவர் மூன்றையும் வாங்கிக்கொண்டது, எதையும் திருப்பித் தரவில்லை.

அவர் கதவைத் திறந்தபோது முகம் பூத்திருந்தது. "ஒண்டும் கேக்கேல்லை, கமலா! சைபர்!" என் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரைத்தான் காட்டினார்.

நீங்கள் நினைப்பீர்கள், இனி அந்த ஒலிநாடாவின் கதையைச் சொல்லப் போகிறேன், அதுதான் காரணம் என்று. அது காரணமில்லை. ஆனால் மற்றவர்கள் வாயால் கேட்பதைவிட நானே சொல்வது நல்லது.

யாமினி எட்டு வயதில் செய்தி வாசிப்பாள். மேசைவிளக்கில் சிவப்புக் கடதாசி ஒட்டி வைத்திருந்தாள். அது எரிந்தால் ஒலிப்பதிவு நடக்கிறது என்று அர்த்தம். "வணக்கம். செய்திகள் வாசிப்பது யாமினி ஸ்ரீதரன். இன்று எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் கறி. எவருக்கும் விருப்பமில்லை." பின்னால் தாச்சியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும். நான் "யாமினி, சாப்பிட வா" என்று கூப்பிடுவது கேட்கும். அவள் குரலைத் தாழ்த்தி, "பொறுங்கோ அம்மா, லைட் எரியுது. லைட் எரியேக்கை ஒருத்தரும் அசையக்கூடாது" என்பாள். பிறகு வானிலை அறிக்கை. நாலரை நிமிடம். எங்களிடம் அவளுடைய குரல் இருந்தது அவ்வளவுதான்.

அதைக் கணினியில் ஏற்றித் துப்புரவாக்கித் தருவதாகச் சொல்லி வாங்கினார். ஒரு மாதம் கழித்து ஒற்றை நாற்காலியில் என்னை இருத்திப் போட்டுக் காட்டினார். பிள்ளையின் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவது போல வந்தது. எண்ணெய் பொரியவில்லை. அவள் மூச்செடுக்கவில்லை. யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, அவளும் யாரையும் பொறுக்கச் சொல்லவில்லை.

"என்ரை குரல் எங்கை?"

"நீர் பின்னாலை நிண்டு கத்தினதுதானே. அதைத்தான் முதல் எடுத்தனான்."

"அப்ப கசெற்றைத் தாங்கோ."

கசெற் கொஞ்சம் தாமதமாக வந்தது. சமையலறையில் என் பழைய பெட்டியில் போட்டேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே ஒரு சுருதி கூவிக்கொண்டிருந்தது. நாடா ஓட்டியைச் சரிபார்க்கச் சோதனைச் சுருதி பதிந்திருக்கிறார். கேட்டதற்கு, "அந்த மாதிரித் தரமான கசெற் இப்ப எடுக்கேலாது, கமலா. அதிலை இருந்தது முழுக்க இரைச்சல்தானே. பிள்ளை கொம்பியூட்டரிலை கிளீனா இருக்கிறாள்" என்றார்.

நான் சண்டை பிடிக்கவில்லை. ஒரு மனிதனோடு சண்டை பிடிப்பதென்றால் எதிரில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் புட்டும் கணவாய்க் கறியும் வைத்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இது நடந்தது மார்ச்சில். அவர் போனது ஒக்ரோபரில். ஏழு மாதம். காரணமாக இருந்திருந்தால் ஏழு மாதம் காத்திருப்பேனா?

ஓகஸ்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் வில்லைகளை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தேன். தாழ்ந்த சுருதி வரும்போது டப்பா நடுங்கிக் கிணுகிணுக்கிறது என்று இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தார். "உதை மேலை கொண்டுபோம்." கொண்டுபோனேன். துணிப்பையில் போட்டுத் திரும்ப வைத்திருக்கலாம், அப்போதே எனக்குத் தோன்றியது. துணிப்பையும் தைத்தேன், நல்ல நீலத் துணி. அது இன்னும் தையல் பெட்டிக்குள், அந்தக் காதுப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒக்ரோபர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை மத்தியானம். சோறு மேசையில் இருந்தது. அவர் ஊசி போட்டுக்கொண்டு உட்காரப் போனபோது வாசலில் பொதி வந்தது. இசைத்தட்டில் ஓடுகிற புதிய முள். இரண்டு மாதமாகக் காத்திருந்தது.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ. ஊசி போட்டாச்சு" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

"பத்து நிமிசம்" என்று இறங்கினார்.

நான் சோற்றை மூடி வைத்தேன். பத்து நிமிடம் போனது. முக்கால் மணித்தியாலம் போனது. ஒன்று ஐம்பதுக்குக் குமிழ் சின்னதாக எரிந்து அணைந்தது. தண்ணீர் கொதிக்க வைத்தேன். பிறகு நீளமாக எரிந்தது. அணைந்தது. திரும்பவும் எரிந்தது, இந்த முறை அணையவில்லை. கை பொத்தானின் மேலேயே கிடக்கிறது என்று விளங்கியது.

தேநீர் ஊற்றினேன். நாலு கரண்டி சீனி போட்டேன். கரையும்வரை கலக்கினேன். கெல்லருக்குப் பதின்மூன்று படி. முழங்கால் நோவோடும் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடுவேன். இரண்டு கையாலும் பிடியைத் தூக்கி இழுத்தால் கதவு எனக்கும் திறக்கும், முந்தித் திறந்திருக்கிறேன்.

கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அறை நன்றாகக் கட்டப்பட்டிருந்தது, அந்தப் பாராட்டு அவருக்குச் சேர வேண்டும். தேநீர் ஆறுவதற்குள் குடித்தேன். நான் சொன்னேனே, எனக்குச் சீனி பிடிக்காது. அன்றைக்கு அடியில் கிடந்ததையும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டேன்.

குமிழ் நாற்பத்தொரு நிமிடம் எரிந்தது. அணைந்த பிறகு எழுந்து அதைக் கழற்றி, மிளகு வைக்கிற போத்தலுக்குள் போட்டேன். இழுப்பறையில் கிடந்த பழைய, எரிந்துபோன குமிழைப் பூட்டினேன். கோப்பையைக் கழுவினேன். பிறகுதான் கீழே போனேன். முள் கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவசர ஊர்திக்கு நானே அழைத்தேன், ஜெர்மனில், ஒரு பிழையும் இல்லாமல். இதயம் நின்றது என்று வைத்தியர் எழுதினார். இதயம் நின்றது உண்மைதான்.

கிரிதர், செத்தவீட்டில் என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போய், "அக்கா, அந்த லைட் எரியேல்லையோ?" என்று கேட்டீர்கள். குமிழ் போய்விட்டது என்றேன். நீங்கள் சுவரில் தலையை வைத்து அழுதீர்கள். "நான்தானக்கா பூட்டினது. ஒருக்கா வந்து செக் பண்ணியிருக்கோணும். என்னை மன்னியுங்கோ." நான் உங்கள் முதுகைத் தடவி, மன்னித்தேன் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று தரம் வந்தீர்கள், மூன்று தரமும் மன்னிப்புக் கேட்டீர்கள். ஒரு மனிதனை வாழ்நாள் முழுவதும் புகழ்ந்த நீங்கள், அவனுக்காக ஒரு குமிழின் குற்றத்தைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறொன்றுக்குமில்லை. குமிழ் நல்ல குமிழ். மிளகுப் போத்தலில் இருக்கிறது. வந்து எடுத்துப் பூட்டிப் பாருங்கள், எரியும். காவல்துறைக்குக் கொடுப்பதானாலும் கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

ஒன்றை மட்டும் திரும்பவும் சொல்கிறேன், நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. அந்த ஒலிநாடாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. யாமினியை அன்றைக்கு நான் நினைக்கவேயில்லை. போய்க் கதவைத் திறக்கத்தான் கோப்பையோடு எழுந்தேன், இரண்டு தரம் எழுந்தேன். ஆனால் லைட் எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது எங்கள் வீட்டில் ஒருவரும் அசையக் கூடாது.