சேதி கொண்டு போனவள்

கிண்ணத்தில் எழுதுவது நாணல் தாளில் எழுதுவது போல இல்லை, ஐயா. உள்பக்கம் வளைந்திருக்கும். விளிம்பில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி அடிவரைக்கும் இறங்கி வர வேண்டும். கொஞ்சம் அசந்தால் முக்கியமான வார்த்தைக்கு இடம் இல்லாமல் போய்விடும். செத்தவர்களை ஆள்கிற தேவன் ஒசிரிஸின் கோயில் வாசலில் உட்கார்ந்து இருபது வருடமாக நான் செய்தது இதுதான். ஒரு கிண்ணத்திலும் எனக்கு இடம் போதாமல் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பாசெர் என்கிறவன் எதையும் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் ஒன்று சரியில்லை என்றால் செத்துப்போன நம் மனுஷர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? மருமகளுக்குக் குழந்தை தங்கவில்லை, தம்பி நிலத்தை அமுக்கிவிட்டான், எல்லாம் என்னிடம்தான் வரும். நான் கிண்ணத்தில் எழுதிக் கொடுப்பேன். அதன் மேல் ரொட்டியும் வெங்காயமும் வைத்துச் சமாதியில் வைத்துவிட்டு வருவார்கள். இறந்தவர் வந்து சாப்பிடுவார், சாப்பிட்டு முடித்ததும் எழுத்து தெரியும், படித்துவிட்டு அங்கே இருக்கிற தேவர்களிடம் நமக்காகப் பேசுவார். உங்கள் மாமியாருக்குக்கூட நான் ஒன்று எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

என் மனைவி ஹெனுத், மகள் தமித்தைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பத்தாம் நாள் போய்விட்டாள். அவள் தங்கை தக்கூத்தான் வந்து குழந்தையை எடுத்தாள். நாலு வருடம். தனக்கென்று ஒருத்தனைத் தேடிக்கொள்ளாமல் என் வீட்டு அடுப்படியிலேயே கிடந்தாள். வாய் ஓயாது. வாத்தோடு பேசுவாள், மாவோடு பேசுவாள். நான் திட்டினால், "நீங்க எழுதி எழுதி ஊமையாயிட்டீங்க அத்தான், வீட்டுல யாராவது ஒருத்தர் பேச வேணாமா?" என்பாள். தமித் விழுந்து விழுந்து சிரிக்கும்.

வெள்ளம் வடிந்த மாதத்தில் தமித்துக்குக் காய்ச்சல் வந்தது. கோயில் வைத்தியர் ஏழு முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டினார். இறங்கவில்லை. வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் குச்சியாகிவிட்டன. எதைக் கொடுத்தாலும் துப்பிவிடும். தக்கூத் மட்டும் மடியில் போட்டுக்கொண்டு, வாத்துக் கதை சொல்லிச் சொல்லி, பார்லிக் கஞ்சியை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு ஊட்டுவாள். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு அரை நாள் ஆகும். ஐயா, எனக்கு இருந்தது அந்த ஒரே ஒரு குழந்தை. அவள் போய்விடுவாளோ என்று நான் பட்ட பாட்டை எந்தக் கிண்ணத்திலும் எழுதி அடக்க முடியாது.

ஹெனுத்துக்கு மூன்று கிண்ணம் எழுதி வைத்தேன். என் கையெழுத்திலேயே அவைதான் அழகு. மூன்றாவது வைத்து ஒன்பது நாள் ஆயிற்று. காய்ச்சல் அப்படியே இருந்தது. நாலாவதற்கு மை குழைத்துக்கொண்டிருந்தபோது தக்கூத் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்காவுக்கு எங்க அத்தான் படிக்கத் தெரியும்? எழுத்தப் பாத்தா கோழி கிளறின மாதிரி இருக்குன்னுல்ல சொல்லுவா. ரொட்டியத் தின்னுட்டு, கிண்ணத்தக் கழுவிக் கவுத்து வச்சிருப்பா பாருங்க."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் மைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடம், ஐயா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, எழுதப் படிக்கத் தெரியாமலே செத்துப்போனவர்களுக்கு, நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம், ஹெனுத் அங்கே ஒன்றும் தெரியாமல் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். இங்கே அவள் பெற்ற பிள்ளை உருகிக்கொண்டிருக்கிறது.

அவளிடம் யாராவது வாயால் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குமேல் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பக்கத்துத் தெருவில் பீர் காய்ச்சுகிற கிழவர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். முதலில் அவரிடம்தான் சொல்லியனுப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் ஹெனுத்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதுவும் போக, அங்கே நெஞ்சைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் கலந்த பீரை ஊற்றின மனுஷன் அதைத் தாண்டிப் போவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போகிறவள் ஒரு பாவமும் செய்யாதவளாக இருக்க வேண்டும். ஹெனுத் காது கொடுத்துக் கேட்கிறவளாக இருக்க வேண்டும். குழந்தைக்கு எங்கே வலிக்கிறது, எப்போது அழுகிறது, எல்லாம் தெரிந்தவளாக இருக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், வேறு யார் இருக்கிறார்கள்?

நீயே போயிருக்கலாமே என்று இதோ உங்கள் எழுத்தர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். நான் போய்விட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

அப்புறம் நாலு நாள் அவளுக்குச் சேதியைச் சொல்லிக் கொடுத்தேன். சமாதியில் உரக்கச் சொல்லப் போகிற வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தேன். "ஹெனுத், தமித்துக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சலை அனுப்பியது யார் என்று கண்டுபிடி. ஒசிரிஸ் காலில் விழு. உன் பிள்ளையை விடச் சொல்." நாலே வரிதான். அவள் மாவு பிசைந்துகொண்டே சொல்வாள், இடையில் ஒரு வரியை விட்டுவிடுவாள். நான் மறுபடி சொல்லச் சொல்வேன்.

"என்ன அத்தான், அக்காகிட்ட நேர்ல போய் நிக்கப் போறவள மாதிரில்ல பாடம் கேக்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒரு வார்த்தை தப்பினாலும் போச்சும்மா. சொல்லு."

சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

ஆறுதான் சரி என்று முடிவு செய்ததும் அவள் நல்லதுக்காகத்தான். ஆற்றில் போனவர்கள் புனிதமானவர்கள். சொந்தக்காரர்கள்கூட அந்த உடம்பைத் தொடக் கூடாது. கோயிலே எடுத்து, கோயில் துணியிலேயே சுற்றி அடக்கம் செய்யும். தக்கூத் மாதிரி ஓர் ஏழைப் பெண்ணுக்கு வேறு எப்படி அந்த மரியாதை கிடைக்கும்? அதோடு, ஆற்றில் போனவர்களை ஆறே நேராக ஒசிரிஸிடம் கொண்டுபோய் விட்டுவிடும், காத்திருக்க வேண்டியதில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு நாள் இல்லை, ஐயா. அதனால்தான் ஆறு.

காலையில் தண்ணீர் எடுக்கப் போனாள். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். "அதிசயமா இருக்கே, மழை வரப்போகுது" என்று கேலி செய்தாள். எங்கள் ஊரில் மழை பெய்து பார்த்தவர் யாரும் இல்லை. நாணல் அடர்ந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். இன்னொரு தடவை சேதியைச் சொல்லச் சொன்னேன். நாலு வரியும் தப்பில்லாமல் சொன்னாள். அப்புறம் கழுத்தைப் பிடித்து உள்ளே அழுத்தினேன். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆயிற்று. குடம் மிதந்து போய்விட்டது.

ஊரே அழுதது. நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை.

உடம்பைப் பதப்படுத்துகிற கூடத்துக்கு மறுநாளே போனேன். அங்கே தலைவர் பனெஃபெர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். உள்ளே விடவில்லை. "ஆத்துல போனவங்கதானே, சீக்கிரம் முடிஞ்சிடும் இல்லையா?" என்று கேட்டேன்.

"யாருய்யா சொன்னா?" என்றார். "இவங்களுக்குக் கூலி வாங்க மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாருக்கும் எழுபது நாள்தான். உப்புல கெடக்கணும், துணி சுத்தணும், எழுபதாம் நாள் மரம் செதுக்குற வாய்ச்சியால உதட்டைத் தொட்டு வாயைத் திறந்து விடணும். அதுவரைக்கும் அவங்களால ஒரு வார்த்தை பேச முடியுமா? உமக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், எழுபது நாள் ஆகட்டும், அப்புறம் கிண்ணம் வையுங்கள் என்று. சேதி வாய்க்குள் இருக்கிறது, வாய் மூடிக் கிடக்கிறது. எழுபது நாள். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தமித் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "சித்தி எங்கப்பா?"

"அம்மாகிட்டப் போயிருக்கா கண்ணு. இப்ப வந்துடுவா."

அவளைப் போலவே மடியில் போட்டுக்கொண்டு விரல் நுனியில் தொட்டு ஊட்டினேன். துப்பிவிட்டாள். வாத்துக் கதை சொன்னேன். "உனக்குச் சொல்லவே தெரியல. சித்தி சொல்லட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள், வைத்தியர் வந்தார். "இது இத்தனை நாளா கயித்தாலயா உசுரோட இருந்துச்சு? அந்தப் பொண்ணு கைக்கஞ்சியால இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கட்டின கயிற்றைப் பற்றி அவரே இப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தினமும் கூடத்துக்குப் போனேன். இருபத்திரண்டாம் நாள் பனெஃபெர் காலைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை அன்று கண்ணே திறக்கவில்லை. "இன்னிக்கே அவ வாயைத் திறந்து விடுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவகிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கேன், என் பிள்ளை உசுரு அதுல இருக்கு."

அவர் கையிலிருந்த துணிச் சுருளைக் கீழே வைத்தார். "கால் தவறி ஆத்துல விழுந்தவ கையில, சேதி எப்படிய்யா சொல்லி அனுப்பினே?"

குழந்தை தனியாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் விடிந்ததும் தமித் போய்விட்டாள். என் மடியில்தான். நான் கத்தின கத்தலில் தெருவே கூடியது. மத்தியானம் உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

இத்தனை நாள் அடித்தும் பேசாதவன் இன்றைக்குத் தானாக ஏன் எல்லாவற்றையும் சொல்கிறான் என்று நீங்கள் யோசிப்பீர்கள். நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. இன்றைக்கு அறுபத்தொன்பதாம் நாள். நாளைக்குத் தக்கூத்துக்கு வாய் திறப்பார்கள். அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் பேசுகிறேன்.

நான் சொல்லிக் கொடுத்த நாலு வரியை மட்டும் அவள் சொல்வாள் என்றால் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் ஒரு தடவை திரும்பினாள், ஐயா. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து என்னமோ சொன்னாள். குமிழிதான் வந்தது, எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பேச்சு இன்னும் அவள் வாய்க்குள்ளேயே இருக்கிறது. நாளைக்குத் திறந்துவிட்டால் முதலில் அதைத்தான் ஹெனுத்திடம் சொல்வாள்.

என் பிள்ளையும் அதே உப்பில்தான் கிடக்கிறாள். அவளுக்கு எழுபது முடிய நாளையிலிருந்து இருபத்து மூன்று நாள். அங்கே போனதும் அம்மாவை அவளுக்கு அடையாளம் தெரியாது; நேராகச் சித்தி மடியில்தான் ஏறுவாள், கதை சொல்லச் சொல்வாள். தக்கூத்தோ வாய் ஓயாதவள். சின்னக் குழந்தை காதில் விழக்கூடிய பேச்சா அது?

எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை, ஐயா. எல்லாம் குழந்தைக்காகத்தான்.