ஆறாவது வாளிக்கு உப்பு

எங்கள் வீட்டு ஃபிரீசர் கொஞ்சம் பெரியது. மோர்னிங்சைட்டில் யாரைக் கேட்டாலும், எமில்டா வீட்டு ஃபிரீசரில் ஒரு முழு ஆட்டைக் கால் மடக்காமல் வைக்கலாம் என்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஆறுதலாகத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கேளுங்கள். என் கணவர் சீமோன் ஆங்கிலத்தில் சொல்லுவார்.

அருள்நாயகம் எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற ஆராய்ச்சி மாணவர். நல்ல பிள்ளை. ஐஸைத் தவிர வேறு பேச்சில்லை. ஆதியில் துருவத்துக்குக் கப்பலில் போனவர்கள் எழுதிவைத்தார்களாம், கடல் உறைந்த புதிதில் ஐஸ் உப்புக் கரிக்கும், வருடம் போகப்போக உப்பு வடிந்து குடிதண்ணீராகிவிடும் என்று. அவர்கள் நாக்கால் பார்த்ததை இவர் மெஷினால் அளக்கப் போகிறாராம். அதற்கு வடதுருவக் கடலிலிருந்து ஆறு கட்டி ஐஸ் எடுப்பித்தார், ஒரு வருடம் முதல் ஆறு வருடம்வரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது. பெரிய வெள்ளிக்கு முதல்நாள் உங்கள் குளிர் அறை பழுதாகிவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அக்கா, உது வெறும் ஐஸ் இல்லை, என்ரை பட்டம். நான் மொன்றியலுக்குப் போட்டு வருமட்டும் வைச்சிருங்கோ."

"அதுக்கென்ன தம்பி, வையும்."

மனதாரத்தான் சொன்னேன். ஆனால் பெரிய சனிக்கிழமை பங்கு ஆடு வந்துவிட்டது. தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாமல் இருந்துவிட்டு, உயிர்த்த ஞாயிறுக்குப் பண்ணையில் ஆடு அடித்து, குடும்பங்களாகப் பங்கு போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பங்கு பிரிக்கும்வரை இறைச்சி என் பொறுப்பு. ஒரு பக்கம் இறைச்சி, ஒரு பக்கம் உறைந்த கடல். எதை வெளியே எடுப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கட்டிகளைக் குளியல் தொட்டியில் அடுக்கினேன். சூடாகக் கூடாதே என்று மேலே பச்சைத்தண்ணீரையும் திறந்துவிட்டேன். கோயிலுக்குப் போய்வந்து பார்த்தால், வருட எண் எழுதிய ஆறு மட்டைகளும் மிதந்துகொண்டிருந்தன. ஐஸைக் காணவில்லை.

நான் பதறவில்லை. ஐஸ் என்பது தண்ணீர்தானே. பங்கு பிரித்து ஃபிரீசர் காலியானதும் ஆறு ஐஸ்கிரீம் வாளிகளை எடுத்தேன். கறி வைக்கிற வாளிகள்தான், ஆனால் கழுவினவை. குழாய்த் தண்ணீர் பிடித்தேன். நான் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவள், கடலின் உப்பு எனக்குக் கைக்கணக்கு. ஐந்து வாளிக்குப் போட்டேன். ஆறாவதற்குக் கை போகும்போது ஆட்டில் பங்கு வாங்கின கிளடிஸ் போன் எடுத்தாள், ஈரல் தன் பங்கில் வரவில்லையாம். அவளைச் சமாளித்துவிட்டு வந்து மூடிகளை மூடி உள்ளே வைத்தேன். உறைந்ததும் வாளிகளிலிருந்து கழற்றி, அந்த மட்டைகளை வாளி வரிசைப்படியே ஒட்டிவிட்டேன்.

அருள்நாயகம் வந்து பார்த்துவிட்டு, "ஏனக்கா வட்டமாய் இருக்கு?" என்று கேட்டார்.

"குளிருக்குச் சுருங்கியிருக்கும் தம்பி," என்றேன்.

அவர் ஐஸ் படித்தவர். நம்பிவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடம்வரை ஐஸில் உப்புக் குறைவதே இல்லை, ஆறாம் வருடம் ஒரேயடியாக இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். நீங்கள் எழுந்து நின்று கை தட்டினீர்களாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பாவம், அவருக்கு யார் உப்பிட்டது என்று தெரியாது. ஐஸில் இருந்த கொழுப்பைக்கூடத் துருவக்கரடியுடையது என்றுதான் எழுதினார். அது ஆடு என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள்.

ஆகவே செய்தது நான். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

இப்போது நீங்கள் கேட்கிற கடைசிக் கேள்வியைச் சீமோன் எனக்கு விளங்கப்படுத்திவிட்டார். ஆறாவது வாளிக்கு உப்புப் போட மறந்திருந்தால் எல்லாம் விபத்து, அருள்நாயகம் மறுபடி ஐஸ் எடுத்துப் படிக்கலாம். வேண்டுமென்றே விட்டிருந்தால், அவர் சொல்லித்தந்துதான் செய்தேன் என்று முடிவுகட்டி அவரை வெளியே அனுப்பிவிடுவீர்கள்.

"மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்கிறார் அருள்நாயகம். கண் கலங்கியிருக்கிறது.

"சொல்லிவிடுமன் எமில்டா," என்கிறார் சீமோன். "ஒரு சொல்லுத்தானே."

எனக்கு அந்தப் பிள்ளைமேல் உண்மையிலேயே பாசம். அவருக்காக எதையும் செய்வேன். ஆனால் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கிளடிஸ் நிற்கிறாள், காதைத் தீட்டிக்கொண்டு. நாளைக்குக் கோயில் வாசலில் என்ன கதை ஓடும் என்று எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். இந்த எமில்டா ஒருநாளும் உப்புப் போட மறந்ததில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன்.