கொழுந்துத் தராசில் என் மகள்

மழைநாளில் தேயிலைக் கொழுந்து எடை கூடத்தான் காட்டும். அதனால் கூடைக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவோம். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தக் கழிவில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

என் மூத்தவள் சண்முகவடிவு கண்டியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். இந்த விடுமுறைக்கு வந்தபோது முகம் உப்பி, ரவிக்கைக் கை இறுக்கிப் பிடிக்க, பஸ்ஸை விட்டு இறங்கினாள். "காலேசு சோறு நல்லா ஒட்டியிருக்கு புள்ளைக்கு" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டனிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பெண் பார்க்க வருவதாக இருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. இவளாவது இந்த மண்ணில் உரிமையோடு நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பெற்றவன் ஆசைப்படுவது குற்றமில்லையே.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். சோற்றை நிறுத்தினேன். காலையில் கொள்ளுக் கஞ்சி, இரவில் பாதி ரொட்டி, நடுவில் சீனி போடாத சாயத் தண்ணீர். சனிக்கிழமை பெண்களெல்லாம் போன பிறகு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவளைச் சாக்குப் படங்கில் உட்காரவைத்துத் தராசில் தொங்கவிட்டேன். "அப்பா, கூடைக்குக் கழிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்தாள். அடுத்த சனிக்கிழமை தராசுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். எடை கூடியிருந்தது.

திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று வீட்டில் சத்தம் போட்டேன். அரிசிப் பெட்டியைப் பூட்டினேன். இளையவள் அழகம்மா தன் ரொட்டியை ஒளித்துவைத்து அக்காளுக்குக் கொடுத்ததைப் பார்த்து இருவரையும் அடித்தேன். "பசிகூட இல்லீங்கப்பா. மூச்சுத்தான் முட்டுது" என்றாள் வடிவு. நடந்தால் சரியாகிவிடும் என்று கோயில் மேட்டுக்கு விரட்டினேன். பாதி ஏற்றத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெற்ற வயிறு மட்டுமா ஐயா எரியும்? எனக்கும் எரிகிறது.

தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் இரங்க வேண்டாம். அவள் வந்த மறுநாளே, தோட்டத்து மருந்துச்சாலை றோலண்ட் ஐயா அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது. அவளை வெளியே அனுப்பிவிட்டு, "இது சதை இல்லைங்க கணக்கப்புள்ள, நீரு. கிட்னி கெட்டிருக்கு. இன்னிக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். சரி என்றேன். அவளிடமும் சொல்லவில்லை, அவள் தாயிடமும் சொல்லவில்லை. பருத்த பெண்ணை இளைக்கவைத்துக் கட்டிக்கொடுக்கலாம். நோய்க்காரி என்று பேரெடுத்தவளை யார் கட்டுவார்? பெண் பார்த்துப் போகட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவரை சாப்பாட்டைக் குறைத்தால் நீரும் வற்றிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருடித் தின்கிறாள் என்று அவளை அடித்தபோதுகூட அது பொய் என்று எனக்குத் தெரியும்.

பட்டினி போட்டுக் கொன்றேன் என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கிட்னி வியாதி என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அழகம்மாவுக்கும் நான் வரன் பார்க்க வேண்டும்.