நண்டைக்கூட அமுக்கிப் பார்க்கிறார்கள்

பழவேற்காட்டில் நண்டு விற்கும் அம்மா ஒருவர், கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், வயிற்றைப் பிடித்தபடி.

“போன வாரம் டாக்டரு எம்பொண்ணு மூஞ்சியக்கூட பாக்காம மாத்திரை எழுதினாரு. இன்னிக்கு கை வெச்சுப் பாக்காம எழுந்துக்க மாட்டேன்.”

“டாக்டராண்ட இன்னாத்துக்கு வம்பு, அக்கா?” என்றாள் அடுத்திருந்தவள்.

“நண்டு வாங்கறவன்கூட சதையா தண்ணியானு அடியில அமுக்கிப் பாத்துதான் எடுக்கறான். எம்பொண்ணு நண்டவிட மட்டமா?”

இருவரும் உள்ளே போனார்கள். போன வாரம் இதே டாக்டரிடம் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியவள் நான். மடியில் காய்ச்சலோடு கிடந்த குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் மகள் வலியில் அலறினாள்.

“இங்க எத்தனை நாளா வலிக்குது?” டாக்டரின் குரல் தணிந்திருந்தது.

“இத போன வாரமே கேட்டிருக்கணும், சார்.”