இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

மதியம் பன்னிரண்டரை மணி. எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிப் போகும் சாலை...

பேய்க்கதை, நள்ளிரவில்தான் தொடங்கும் என்று நினைத்துத்தானே இப்படி நெருங்கி உட்கார்ந்தீர்கள்? இல்லை. உச்சி வெயில். ஞாயிற்றுக்கிழமை, அதனால் கன்டெய்னர் லாரி ஒன்றுகூட ஓடவில்லை. ஒரு பக்கம் வரிசையாகக் குழாய்கள். இன்னொரு பக்கம் காய்ந்து வெளுத்த சாம்பல். நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் வெற்றி. நம் நண்பன் தேசப்பனின் தங்கை பவானியைக் கட்டியவன். அவன் தேசப்பனிடம் சொன்னது, தேசப்பன் என்னிடம் சொன்னது. நடுவில் நான் எதையும் சேர்க்கவில்லை.

வெற்றி வியாசர்பாடிக்காரன். ஒரு காலத்தில் இடது காலில் பந்தோடு ஓரமாக ஓடி வந்தால் தடுக்க ஆள் கிடையாது. பிறகு மெக்கானிக் ஆகி, திருவொற்றியூரில் ஷெட் போட்டான். கூட்டாளி சைமன். ஒயரிங் வேலை முழுக்க சைமன் கை.

அந்தக் கார் ராயபுரத்து ஜானட் அம்மாளுடையது. அவர் கணவர் ஜேக்கப் ரயில்வேயில் இருந்தவர். குழந்தையில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. ஒவ்வொரு எட்டுக்கும் இடது கையால் முட்டியை அழுத்தி அழுத்தித்தான் நடப்பார். அதற்காகவே ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினார். க்ளட்ச் கிடையாது, கியர் போட வேண்டாம், வலது கால் ஒன்று போதும். பதினொரு வருடம் அவர் ஒருவர்தான் ஓட்டினார். அவர் இறந்து ஆறாவது மாதம் எடுத்துப் பார்த்தால் வண்டியின் கியர்பாக்ஸும் போயிருந்தது. ஜானட் வெற்றியைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்தார்.

"வாசல்ல நிக்கறதப் பாத்தா மனசு கேக்கல தம்பி. எடுத்துக்கினு போ. அவுரு அத யாரையும் தொடக்கூட வுட மாட்டாரு. நீ நல்லா வெச்சுக்கோ."

வெற்றி தலையாட்டினான். ஆனால் அவன் மனது அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. அதே கம்பெனியின் பெரிய மாடல் ஒன்று, பின்பக்கம் அடிபட்டு, புதுப்பேட்டைப் பழைய வண்டிக் கடை ஒன்றில் கிடந்தது. ஆயிரத்து இருநூறு சிசி எஞ்சின், கையால் போடும் ஐந்து கியர். அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இந்தச் சின்ன உடம்பில் தூக்கி வைத்தால்... குதிரை மாதிரி ஓடும். ரொம்ப நாள் ஆசை.

ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினான். எஞ்சின். கியர்பாக்ஸ். ஃப்ளைவீல். க்ளட்ச் பிளேட். கேபிள். மூன்று பெடல் உள்ள செட். எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான்.

"ஒரு பேஜாரு கீது நைனா," என்றான் சைமன். "கியரு பார்க்கிங்ல கீதுன்னு தெரிஞ்சாத்தான் இந்த வண்டி ஸ்டார்ட்டே ஆவும். இனிமே பார்க்கிங்கே இல்ல. ஒயர மாத்திக் குட்த்து, கீதுன்னு கம்ப்யூட்டர நம்ப வெக்கணும்."

"நம்ப வெச்சிடு."

அப்போதுதான் வெற்றி பானட்டைத் தட்டிச் சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னான்.

"இத்தினி வருசம் நொண்டி வண்டியா கெடந்துது. நான் கால் வெச்சு வுடுறேன் பாரு."

சைமன் சிரிக்கவில்லை.

அளவெடுக்க வெற்றி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கீழே, வலது கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் தேய்ந்து தகரம் தெரிந்தது. இடது பக்கம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. க்ளட்ச் பெடல் எங்கே வரும், கேபிளுக்கு எங்கே ஓட்டை போடுவது என்று சாக்பீஸால் குறித்தான். பத்து நிமிடம் இருக்கும். எழுந்தால் இடது கால் மரத்துப்போயிருந்தது. உதறினான். சரியானது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். குனிந்து உட்கார்வதால் என்று நினைத்துக்கொண்டான்.

இரவில் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. இழுக்கும். மடங்கும். போர்வையை உதைக்கும். எழுந்து நடந்தால் அடங்கும். படுத்தால் மறுபடி. விடிய விடிய அந்த ஒற்றை அறையில் சுவருக்கும் கதவுக்குமாக நடந்தான்.

"இன்னாங்க... ராவெல்லாம் ஒதைச்சிக்கினே இருக்கீங்க," என்றாள் பவானி. "அந்த வண்டி வந்ததுலேர்ந்து ஒரு ராத்திரி நீங்க தூங்கல."

"முடிச்சிட்டா தூங்கிடுவேன்."

மூன்று வாரம். பழைய கியர்பாக்ஸைக் காயலான் கடையில் போட்டார்கள். எஞ்சின் உட்கார்ந்தது. அகலமான பழைய பிரேக் பெடல் போய் மூன்று பெடல் வந்தது. தகரத்தில் ஓட்டை போடும்போது டிரில் பிட் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. மூன்றாவது இறங்கியபோது உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது... கால் வலிக்குத் தேய்க்கும் தைலம். காரமாக, கண் எரிகிற மாதிரி. சைமனைக் கூப்பிட்டான். சைமன் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வர்ல," என்றான்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள்.

முதல் ஓட்டம். வெற்றி தனியாகத்தான் எடுத்துக்கொண்டு வந்தான். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. க்ளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. எஞ்சின் பாடியது. ஐம்பது... அறுபது... எழுபது. ஒரு மாதமாக இருந்த தவிப்பெல்லாம் போய், வாய்விட்டுச் சிரித்தான். நான்காவது போடலாம் என்று க்ளட்சை மிதிக்கப் போனான்.

கால் வரவில்லை.

வலி இல்லை. மரப்பு இல்லை. தூக்கு என்று மனது சொல்கிறது, அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இல்லை. குனிந்து பார்த்தான். செருப்போடு கால் அங்கேதான் கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அடைத்த ஜன்னலுக்குள் தைல வாசனை குப்பென்று ஏறியது.

நிமிர்ந்தால் வளைவில் ஒரு டிரெய்லர் பழுதாகி நின்றுகொண்டிருந்தது. பின்னால் இலையோடு ஒரு கிளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். வலது காலால் பிரேக்கை அழுத்தினான். க்ளட்ச் மிதிக்காமல் மூன்றாவது கியரில் நிறுத்தினால் வண்டி என்ன செய்யும்? உதறும், குலுங்கும், அணைந்துவிடும். ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

அது அணையவில்லை.

தண்ணீரில் படகு நிற்கிற மாதிரி, டிரெய்லருக்கு ஒரு வண்டி நீளம் தள்ளி, அலுங்காமல் நின்றது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கியர் கம்பியைப் பார்த்தான். மூன்றாவதில்தான் இருந்தது. தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

வண்டி... மெள்ள... முன்னால் நகர்ந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டிகள்தான் அப்படி நகரும். தன் கையால் கழற்றி எடைக்குப் போட்ட கியர்பாக்ஸ். அது உள்ளே இருக்கிற மாதிரியே நகர்ந்தது.

வேறு வழி இல்லை, டிரெய்லரில் இடிக்காமல் ஒடித்துத் திருப்பி, ஓட்டிக்கொண்டு வந்தான். வலது காலால் மட்டும். கியர் கம்பியைத் தொடவே இல்லை. வேகம் ஏற ஏற உள்ளே ஏதோ தானாக மாறிக்கொண்டது, எஞ்சின் சத்தம் அதற்கேற்ப இறங்கி ஏறியது. க்ளட்ச் பெடல் அசையாமல் மேலேயே நின்றது. இறங்கிப் போய்விடலாம் என்றால், எந்தக் காலால் இறங்குவது?

ஷெட் வாசலில் சைமன் நின்றிருந்தான். வெற்றி கதவைத் திறந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே வைத்து, எழுந்து நடந்தான். சைமன் அவனைப் பார்த்தபடியே இருந்தான்.

"இன்னா நைனா... கைய ஏன் முட்டில வெச்சினு நடக்கறே?"

அப்போதுதான் வெற்றி தன் இடது கையைப் பார்த்தான்.

மறுநாள் சைமன் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தான். க்ளட்ச் பிளேட்டில் ஒரு கீறல் இல்லை. "இது ஓடவே இல்ல நைனா," என்றான். மறுபடி பூட்டினான். சைமன் ஓட்டும்போது க்ளட்ச் க்ளட்சாகத்தான் இருந்தது, கியர் கியராகத்தான் இருந்தது. வாசனையும் இல்லை. வெற்றியைப் பக்கத்தில் உட்காரவைத்து ராயபுரத்துக்கு ஓட்டிப் போனான்.

வண்டிச் சத்தம் கேட்டு ஜானட் வெளியே வந்தார். வெற்றி இறங்குவதைப் பார்த்தார். கேட் வரைக்கும் அவன் நடந்ததைப் பார்த்தார். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"இன்னா பண்ணே தம்பி அந்த வண்டிய?"

எல்லாவற்றையும் சொன்னான். பானட்டைத் தட்டிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

ஜானட் வண்டிப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "ரோட்டுல நடந்தா பசங்க அவுரு மாதிரி நடந்து காமிப்பானுங்க. அந்த வண்டில ஏறிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாரையும் மாதிரி போவாரு. அதான் அவுருக்கு அது உசுரு." சாவியை வாங்கிக்கொண்டார். "வுட்டுட்டுப் போ. நான் ஜெபம் பண்றேன்."

விட்டுவிட்டு வந்தார்கள். கால் வரவில்லை.

முதல் வாரம் பவானி அழுதாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். இரண்டாவது வாரம் அழுகை நின்றது. மூன்றாவது வாரம் காலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவன் எழுந்திருக்கும்போது தோளைக் கொடுப்பாள், எப்போதும் செய்கிற வேலை மாதிரி, வேறெங்கோ பார்த்துக்கொண்டே. பழகிவிட்டாள் போல என்று நினைத்தான். ஒன்று மட்டும் நல்லது, இரவில் கால் உதைப்பதில்லை. சும்மா கிடந்தது. ஆனால் அவனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. இருட்டில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பான். ஆடுசதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் டேப்பை வைத்து இரண்டு காலையும் அளந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பே வளரலையே. ஒண்ணே முக்கால் இன்ச் குட்டை. இது குழந்தையில வந்த போலியோ. இப்ப புதுசா என்ன தொந்தரவு?"

"இல்ல சார்," என்றான் வெற்றி. "ஒரு மாசமாத்தான் சார் இப்டி. அதுக்கு முன்னால நல்லா இருந்தேன்."

டாக்டர் பவானியைப் பார்த்தார். பவானி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சங்கடமாகச் சிரித்தாள்.

"எல்லார்கிட்டயும் இப்டித்தான் சொல்லிக்கினு இருப்பாரு சார். என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே, எங்க அண்ணந்தான் இவரத் தூக்கிக்கினு படியேறி வந்துச்சு."