எறும்புக்கூடு சிரித்தது

— ...அதோட நிக்குதா? அடுத்த பக்கத்தைப் பாருங்க சார். "பாய் வருது, ஓடுங்க"ன்னு ஊரே ஓடுது.

— பேய் மேடம்.

— பாய்னுதான் அடிச்சிருக்கீங்க. சுருட்டி வெச்ச பாயைப் பார்த்து யாராவது ஓடுவாங்களா?

— அந்தக் காலத்துக் காமிக்ஸ் மேடம்... ஸ்கேன் பண்ணினதுல எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு. உத்து உத்துப் பார்த்து ஒவ்வொரு வசன பலூனா நான் திரும்ப அடிக்கணும்.

— படம் மட்டும் மங்கலையே. பக்கம் பூராக் கறுப்பு, நடுவுல ரெண்டு கண்ணு மட்டும் வெள்ளை... என்னமா வரைஞ்சிருக்காங்க. எனக்கே பக்கத்தைப் புரட்டப் பயமா இருக்கு.

— பார்த்தீங்களா...

— அதுக்குக் கீழே உங்க கைவரிசை. "கழிவறையிலிருந்து ஒரு கை நீண்டது."

— கல்லறை. கை தவறிடுச்சு.

— பாவம், அந்தக் கை.

— சிரிக்காதீங்க மேடம்.

— யாரு சிரிச்சா? இந்த அலறலுக்கு எத்தனை "ஆ" சார்... பலூனைத் தாண்டிப் போகுது.

— பேய் கழுத்தை நெரிக்குது. அலற வேண்டாமா?

— கழுத்தை நெரிச்சா இவ்வளவு நீளமா வருமா? மூணு போதும்.

— சரி... மூணு.

— சாயங்காலம் இந்தக் காமிக்ஸ் தொகுப்பு அச்சுக்குப் போயே ஆகணும்னுட்டார் முதலாளி. நான் திருத்த இதுதான் கடைசி ப்ரூஃப்.

— கடைசியா...

— ஏன், முகம் தொங்கிப்போச்சு?

— நாளையிலேர்ந்து நீங்க மாடிக்குப் போறீங்களாமே. பாடப்புத்தகப் பிரிவுக்கு.

— ஆமா. அங்க பேய்த்தொல்லை கிடையாது.

— கணக்குப் புத்தகம் இருக்கே.

— அதுவும் சரிதான்...

— மேடம், இந்த "எறும்புக்கூடு சிரித்தது"... எலும்புக்கூடுன்னு வரணும். முதல் ப்ரூஃப்லேர்ந்தே அப்படியே இருக்கு. நீங்க தப்புன்னு சுழிக்கவே இல்லை.

— கண்ணுல படலை.

— உங்க கண்ணுலயா? கமாவுக்கு வால் குட்டையா இருந்தாலே கூப்பிட்டு அனுப்புவீங்க...

— பேச்சை மாத்தாதீங்க. பழைய புத்தகத்தை எடுங்க, ஒப்பிட்டுப் பார்த்துடலாம்.

— அது... வேண்டாமே.

— ஏன்?

— மங்கினது ஸ்கேன்லதான். புத்தகத்துல ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுன்னு இருக்கு.

— அப்போ இந்தப் பாய்? கழிவறை?

— நான் வேணும்னே போட்டது. தப்பு இருந்தாத்தானே கூப்பிடுவீங்க... கூப்பிட்டாத்தானே இந்த மேஜைப் பக்கம் வந்து உக்கார முடியும். நாளைக்கு எந்தப் பேயைச் சாக்கா வெச்சு நான் மாடி ஏறுவேன்?

— அந்த ப்ரூஃபை இப்படிக் கொடுங்க.

— கோவமா மேடம்? ஏதாவது சொல்லுங்க...

— அந்தப் புத்தகத்தை முதல் நாளே முழுசாப் புரட்டிட்டேன் சார். ஒரே ப்ரூஃப்ல முடியவேண்டிய வேலையை, தடவைக்கு எறும்புக்கூடு மாதிரி ரெண்டு தப்பைச் சுழிக்காம விட்டு விட்டு, அஞ்சு ப்ரூஃப் வரைக்கும் இழுத்தது யாரு... பேயா?