டாமரக் தெருவில் அடைபட்ட மூச்சு

மேயர் அவர்களே, நகர மன்றத் தோழர்களே, குழாய்த் தொழிலாளர் சங்கத்துச் சகோதரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி இர்மா ஹாக்காலா அவர்களே, பனியில் புதைந்த வண்டியைத் தோண்டியெடுத்து இங்கே வந்து சேர்ந்திருக்கும் நார்க்விஸ்ட் ஃபால்ஸ் மக்களே! உங்கள் அனைவரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நான் மார்வா டியூப்ரே, மூன்றாம் வட்ட உறுப்பினர். இந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசச் சொன்னபோது எனக்குக் கூசியது. ஏன்? நம் நகரின் தலைமைக் குழாய் ஆய்வாளர், பெருமதிப்பிற்குரிய வெண்டெல் ஹாக்காலாவை இதே மண்டபத்தில் கேலி செய்தவள் நான்!

போன ஜனவரியில் எந்தப் பிளம்பிங் விதித்தொகுப்பை ஏற்பது என்று நாம் அடித்துக்கொண்டோமே, மறக்க முடியுமா? கழிவுநீர்க் குழாய்க்கு மூச்சுவிடும் காற்றுக்குழாய் கூரைக்கு மேலே போகும் இடத்தில் அதன் வாய் கையகலம் இருக்க வேண்டும் என்றது பழைய தொகுப்பு. மெல்லிய குழாயே போதும் என்றது புதியது. புதியதைக் கொண்டுவந்தவள் நான். சோதனைக்காக டாமரக் தெருவில் நாற்பத்துமூன்று வீடுகளை அப்படியே கட்டவும் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

வெண்டெல் எழுந்தார். "கவுன்சிலரம்மா, நம்ம ஊர்க் குளிர்ல மெல்லிசுக் குழாயோட வாய் உறைஞ்சு அடைச்சுக்கும். மேல அடைச்சா, சிங்க் வளைவுல நிக்கிற தண்ணியைக் குழாய் உறிஞ்சிடும். சாக்கடைக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற ஒரே கதவு அந்தத் தண்ணிதான்."

"அப்ப குழாய்க்கு ஒரு மப்ளர் வாங்கிக் கட்டிடலாமா வெண்டெல்?" என்றேன். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பு வியாழக்கிழமை. செவ்வாய் காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி. டாமரக் தெருவில் மாடிவீட்டில் குடியிருக்கும் ஒட்டிலி பிராண்ட்வோல்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எதற்கும் அசராதவர். "மார்வா, என் சமையலறை சிங்க்குக்குள்ள யாரோ முனகுறாங்க. வந்து கேளு. எனக்குக் கிறுக்குன்னு நினைச்சாலும் பரவாயில்ல, வா."

வெண்டெலையும் அழைத்துக்கொண்டு போனேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. அந்த வீட்டில் சிகரெட் புகை போக ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. நாங்கள் சிங்க்கின் பக்கம் குனிந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. ஓர் ஆண்குரல். சொற்கள் இல்லை. மெதுவாக, ஒரே சுரத்தில், யாரையோ தூங்கவைப்பது போல முனகிக்கொண்டே இருந்தது.

வெண்டெல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏதாச்சும் நாத்தம் வந்துச்சா?"

"நேத்து அழுகின முட்டை நாத்தம். இன்னைக்குத் தானா போயிடுச்சுப்பா."

வெண்டெல் சட்டென்று நிமிர்ந்தார். "போகல. இந்த விஷவாயு மிஞ்சிப்போச்சுன்னா மூக்கே செத்துப்போகும். எல்லாரும் வெளிய! கோட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஓடுங்க!"

கதவு கதவாக உதைத்தார். எட்டுக் குடும்பங்கள் செருப்பில்லாமல் பனியில் நின்றன. ஒட்டிலிக்கு நேர் கீழ்வீட்டில் மட்டும் பதில் இல்லை. கதவை உடைத்தார். லோவல் ப்ரூயிட் என்ற மரக்கடைத் தொழிலாளி குளியலறைத் தரையில் குப்புறக் கிடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெண்டெல் அவரை இழுத்து வந்தார். லோவல் பிழைத்தார். அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

லோவல்தான் முனகியிருப்பார் என்று நான் சமாதானமடைந்தேன். மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. லோவலுக்கு வாயில் குழாய் செருகித்தான் மூச்சு வந்தது. காலையிலிருந்தே அவர் தொண்டையில் ஒலி எழும்பியிருக்காது என்றார். அப்படியானால் காற்றா? வெண்டெல் கூரையேறிப் பார்த்தார். குழாயின் வாயில் முழங்கை நீளத்துக்குப் பனிக்கட்டி. ஊசி நுழைய வழியில்லை. காற்று எங்கிருந்து வரும்?

"அப்ப நம்ம கேட்டது என்ன வெண்டெல்?" என்றேன்.

"தெரியல கவுன்சிலரம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத எனக்கு வராது."

அவருடைய அறிக்கை இன்றும் நகர அலுவலகத்தில் இருக்கிறது. வாயு எப்படி வந்தது, தண்ணீர் எப்படி வற்றியது, எல்லாம் இருக்கிறது. கடைசி வரி இது: "ஒலி கேட்டது. காரணம் அறியேன்." எத்தனை அதிகாரிகளுக்கு அந்த வரியை எழுதத் துணிவிருக்கும்?

வியாழக்கிழமை அந்தப் பனிக்கட்டியை ஒரு வாளியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "என்ன வெண்டெல், மீன் பிடிச்சீங்களா?" என்று ஒரு கட்டுமானக்காரர் குரல் கொடுத்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்குக்கு மூன்று என்று பழைய தொகுப்பே நின்றது. அந்த நான்காவது கை, என் கை.

ஆனால் கட்டி முடித்த நாற்பத்துமூன்று வீடுகள்? அவற்றை என்ன செய்வது? மாதம் இரண்டு வீடாவது என்று அவரே ஏணியோடு கிளம்பினார். மெல்லிய குழாயை அறுத்து, அகலக் குழாய் வைக்கச் செய்து, மேலேறிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். போன வெள்ளிக்கிழமை இருபத்தாறாவது வீட்டை முடித்து, இறங்கி, வண்டியில் உட்கார்ந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கையில் பேனா. ஏதோ எழுதுகிறார் என்று நினைத்து மூன்று மணிநேரம் அந்தத் தெருவே அவருக்குக் கையசைத்துக்கொண்டு கடந்துபோனது! ஐயோ, நாங்கள் கையசைத்தது யாருக்கு!

இர்மா அவர்களே, உங்கள் கணவரைத் திருப்பித் தர எங்களால் முடியாது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். இன்னும் பதினேழு வீடுகள் இருக்கின்றன. நாளைக் காலை எட்டு மணிக்கு நானும் சங்கத்தார் நால்வரும் ஏணியோடு டாமரக் தெருவுக்கு வருகிறோம். இது இந்த அவை சாட்சியாக நான் கொடுக்கும் வாக்கு.

அந்தத் தெருக்காரர்களே, உங்கள் கூரைமேல் யாரோ நடக்கும் சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள். நாங்கள்தான்.